சீட்டு எழுதுகிறவள்

இல்லினாய் ஆற்றங்கரையில் ஒரு காவல் நிலையம்.
அதன் அடித்தளத்தில்
ஜன்னல் இல்லாத அறை என்னுடையது.
மேலே கைது செய்கிறார்கள்.
கீழே நான், வெர்லீன் ப்ரூயிட்,
வந்துசேரும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும்
மஞ்சள் சீட்டு கட்டுகிறேன்,
பிணத்தின் கால் கட்டைவிரலில் கட்டுவார்களே, அதுபோல.

வகை. வரிசை எண். எடுத்த தெரு.
எடுத்த அதிகாரி. மணி.
பதினான்கு வருடம்.
கார்வர் தெரு, பென்சன் தெரு, மறுபடி கார்வர்:
இருட்டிலும் எழுதுவேன்.
மேட்டு வீடுகளின் தெருப்பெயர்களுக்கு
எழுத்துக்கூட்டவும் தெரியாது எனக்கு.
கேட்க நேர்ந்ததே இல்லை.

மேலே போகுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன்:
இந்தச் சட்டம் வேண்டுமென்று கேட்டவள் நான்.

என் தம்பி ஆர்லிஸ்
பெட்ரோல் பங்கில் பால் வாங்கப் போனான்.
அவன் விழுந்தான், பால் ஜாடி உடையவில்லை.
சான்றுப் பொருளாக இந்த அறைக்கே வந்தது.
வழக்கு முடியும்வரை
எறியக் கூடாது என்றார்கள்.
புளித்து, ஊதி, மூடி தெறிக்கும்வரை
அதற்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பிறகு தலைநகருக்குப் பேருந்து,
நாற்பது பெண்கள், மடியில் புகைப்படங்கள்.
சட்டத்தில் கையெழுத்திட்ட பேனாக்களில் ஒன்று
எனக்கும் கிடைத்தது.
சீட்டு எழுதுவது அதால்தான்.

சட்டத்தில் துப்பாக்கி என்றுதான் இருந்தது.
தெருவுக்கு வந்ததும் அது புடைப்பு ஆயிற்று.
சட்டைக்குள் புடைப்பு.
விளக்கு எரியாத மூலையில் புடைப்பு.
சில உடம்புகளில் மட்டும்
தூரத்திலிருந்தே தெரிகிற புடைப்பு.

அக்கரையில், சோளக்காட்டு கவுண்டியில்,
ஷெரிஃப் லாயல் ஸ்டெக்கர் வானொலியில் சொன்னார்:
"என் ஜனங்களின் அலமாரியை நான் திறக்கமாட்டேன்."
கைதட்டல் பாலத்தைத் தாண்டிக் கேட்டது.
சட்டத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கவும்
சட்டத்தைக் காட்டி
இன்னொருவன் சட்டைப்பைக்குள் கை விடவும்
ஒரே மாதிரி பேட்ஜ்தான்.

போன மாதச் சீட்டு ஒன்று:
டெவெரோ கிட்ஸ், கிடங்கில் இரவு வேலை,
உரிம அட்டை காலாவதியாகிப் பதினோரு நாள்.
புதுப்பிக்கப் பணம் கட்டிய ரசீது பர்ஸில் இருந்தது.
ரசீதுக்கும் சீட்டு எழுதினேன்.

அதே வாரம் பாலத்தின் இந்தப் பக்கம்
வான்கோழி வேட்டைக்குப் போகிற பிக்கப் வண்டி,
அட்டை செத்து இரண்டு வருடம்.
"சீக்கிரம் புதுப்பிச்சிடுங்க சார்."
அந்தத் துப்பாக்கி என்னிடம் வரவில்லை.
காபி ஆற்றிக்கொண்டே சிரிப்போடு சொன்னது
வண்டியை நிறுத்திய ரஸ் கீலன்தான்.
ஆர்லிஸ் செத்த இரவு
விடியும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரஸ் கீலன்.

சட்டம் தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள்.
அந்தப் பாலின் நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது.

நேற்று மாலை ஒரு பையன் கவுண்டருக்கு வந்தான்.
ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு இழுத்தது.
"புடைப்புன்னு நிறுத்தினாங்க.
இன்ஹேலரை எடுத்தவங்க திருப்பித் தரலை."
பதினொரு அலமாரியும் தேடினேன்.
எப்படி இருக்கும்?
ஒன்றும் கிடைக்காத தேடலுக்குச் சீட்டு கிடையாது.
கிடைத்ததெல்லாம் இங்கே அடுக்கியிருக்கிறது.
மேயர் வந்து பார்ப்பார்,
வேலை செய்கிறது என்பார்.
வேலை செய்கிறதுதான்.
சுவரோரம் கைதூக்கி நின்று
வெறும் பையோடு வீட்டுக்குப் போனவர்களை
எந்த அலமாரியில் எண்ணுவது?

மஞ்சள் சீட்டு ஒன்றைக் கிழித்தேன்.
வகை: இன்ஹேலர், நீலம்.
வரிசை எண்: இல்லை.
எடுத்த தெரு: கார்வர்.
எடுத்த அதிகாரி?
பையன் சட்டையில் பார்த்த பெயரை
எழுத்து எழுத்தாகச் சொன்னான்.
கீ என்றதுமே
பேனா சற்று நின்றது.

முழுப்பெயரும் எழுதினேன்.
கட்டிவைக்கப் பொருள் இல்லை.
சீட்டை அவன் கையிலேயே கொடுத்து
மருந்துக்கடை மூடும் நேரம் சொன்னேன்.